தேர்தல் வந்தால் பல்கலைக்கழக ஊழியர் என்ன செய்யலாம், எதைத் தொடக் கூடாது

தேர்தல் தேதி அறிவித்த அன்று சாயங்காலமே நிர்வாகப் பிரிவுக்கு இரண்டு சமாசாரம் வந்துவிடும். ஒன்று, தேர்தல் பணிக்கு ஆள் பட்டியல் அனுப்பச் சொல்லிக் கலெக்டர் ஆபீஸ் கடிதம். இன்னொன்று போன். "சார், என் மச்சான் கட்சியில வட்டச் செயலாளர், ஞாயிற்றுக்கிழமை ஊர்வலத்துக்குக் கூப்பிடுறார், சும்மா கூடப் போயிட்டு வந்தா ஒண்ணும் ஆகாதில்ல?" கடிதத்துக்குப் பட்டியலைப் போட்டு அனுப்பிவிடலாம். போனில் கேட்பவருக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது, அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. பல வருடம் கோப்பு பார்த்தவன், மூன்று தேர்தலில் வாக்குச்சாவடியில் உட்கார்ந்தவன், அவ்வளவுதான்.

முதல் வேலை, நீங்கள் எந்த விதிக்குக் கீழே வருகிறீர்கள் என்று பார்ப்பது. "காலேஜ்ல வேலை" என்று பொதுவாகச் சொல்லிக்கொள்கிறோம், ஆனால் அதற்குள் ஐந்து வகை ஊழியர்கள் இருக்கிறோம். அரசு கலைக் கல்லூரியில் இருப்பவர் முழு அரசு ஊழியர், அவருக்கு 1973-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் நேரடியாகப் பொருந்தும். மெட்ராஸ் பல்கலைக்கழகம், மதுரை காமராஜர், பாரதியார், பாரதிதாசன், அண்ணா பல்கலைக்கழகம் மாதிரி மாநிலப் பல்கலைக்கழகங்களுக்குத் தனித்தனிச் சட்டம், தனித்தனி ஸ்டாட்யூட் (பல்கலைக்கழகத்தின் உள்விதித் தொகுப்பு). நடத்தை விதி அதில்தான் எழுதியிருக்கும், பல இடங்களில் அரசு விதியைத் தழுவியே இருக்கும். திருவாரூரில் இருக்கும் தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம், புதுவைப் பல்கலைக்கழகம் போன்ற மத்திய நிறுவனங்களில் பொதுவாக 1964-ஆம் ஆண்டின் மத்தியக் குடிமைப் பணிகள் நடத்தை விதிகளை எடுத்துக் காட்டுவார்கள் (பேராசிரியர்களுக்கு அது பொருந்துமா என்ற தகராறு ஒரு பக்கம் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது). உதவிபெறும் கல்லூரி என்றால் 1976-ஆம் ஆண்டின் தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம். சுயநிதிக் கல்லூரி, நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றால் உங்கள் நியமனக் கடிதத்தையும் அதன் பின்னால் பொடி எழுத்தில் இருப்பதையும் வீட்டில் தேடி எடுங்கள்.

அந்த ஸ்டாட்யூட்டை எங்கே பார்ப்பது என்று கேட்டால், பதிவாளர் அலுவலகத்தில் ஊழியர் விவகாரம் பார்க்கும் எஸ்டாபிளிஷ்மென்ட் செக்‌ஷனில் இருக்கும். கேட்டால் "எதுக்கு?" என்பார்கள். சொல்லுங்கள், தப்பில்லை. வாயால் "அதெல்லாம் போலாம் சார்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், சொன்னவர் நாளைக்கு விசாரணையில் உங்களுக்காக வந்து நிற்கப் போவதில்லை. ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொடுத்து, இரண்டாவது பிரதியில் அலுவலகத் தபால் பிரிவின் முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மத்திய விதியில் ஐந்தாவது விதிதான் இதற்கெல்லாம் தாய். அதைத் தெரிந்துகொண்டால் மற்றதன் போக்கும் பிடிபட்டுவிடும். கட்சியில் உறுப்பினராக இருக்கக் கூடாது. கட்சிக்குச் சந்தா, நன்கொடை தரக் கூடாது. சட்டமன்றம், நாடாளுமன்றம், உள்ளாட்சி எந்தத் தேர்தலிலும் ஓட்டுக் கேட்கவோ, செல்வாக்கைப் பயன்படுத்தவோ கூடாது. ஓட்டுப் போடலாம், ஆனால் யாருக்குப் போட்டேன், யாருக்குப் போடப் போகிறேன் என்று காட்டிக்கொள்ளக் கூடாது. இந்தக் கடைசி வரியைத்தான் நிறையப் பேர் படிப்பதில்லை. இத்தோடு விளக்கம் என்று ஒன்று சேர்த்திருக்கிறார்கள்: தன் உடம்பிலோ வண்டியிலோ வீட்டிலோ தேர்தல் சின்னத்தைக் காட்டினாலே செல்வாக்கைப் பயன்படுத்தியதாகத்தான் கணக்கு.

வண்டி என்றால் உங்கள் பைக்கின் டேங்கில் ஒட்டிய ஸ்டிக்கரும்தான். பத்து வருடம் முன்னால் ஒட்டியது, வெயிலில் பாதி உரிந்துபோனது, ஆனாலும் சின்னம் தெரிகிறது என்றால் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் அந்த வண்டியைத் துறை வாசலில் நிறுத்த வேண்டும். புகார் போடுகிறவர் ஸ்டிக்கர் ஒட்டிய வருடத்தையெல்லாம் பார்க்க மாட்டார், செல்போனில் படம் எடுத்து அனுப்பிவிடுவார். தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் ஆப்பில் படத்தோடு புகார் போட்டால் 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது கணக்கு, ஞாபகம் இருக்கட்டும்.

வீடு கொஞ்சம் சிக்கல். உங்கள் மனைவியோ கணவரோ கட்சிக்காரர், வாசலில் கொடி கட்டுகிறார், நீங்கள் என்ன செய்வது? அவருக்கு அரசியல் செய்ய முழு உரிமை உண்டு, உங்கள் வேலை அதைத் தடுக்காது, அவர் வேட்பாளராகவே நிற்கலாம். ஆனால் குவார்ட்டர்ஸில் இருந்தால் வாசலில் கொடி வேண்டவே வேண்டாம். சொந்த வீடு என்றால் கட்சி ஆபீஸிலோ அவருடைய பெயரில் இருக்கும் வண்டியிலோ கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். அவர் வேட்பாளர் என்றால் அன்றைக்கே பதிவாளருக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள், தேர்தல் பணிப் பட்டியலில் உங்கள் பெயர் இருந்தால் கலெக்டர் ஆபீஸுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். பிரசார வேனில் பக்கத்தில் கும்பிட்டபடி நிற்கும் ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள்.

இப்போது மச்சான் ஊர்வலத்துக்கு வருவோம். திரிபுராவில் மீன்வளத் துறையில் வேலை பார்த்த ஒரு பெண் ஊழியர் 2017 டிசம்பர் 31 அன்று ஒரு கட்சிக் கூட்டத்துக்குப் போனார், பேஸ்புக்கிலும் ஏதோ எழுதினார் என்று ஓய்வு பெறும் நேரத்தில் நடவடிக்கை எடுத்தார்கள். 2020 ஜனவரியில் திரிபுரா உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. கூட்டத்தில் போய் நிற்பது வேறு, கூட்டத்தில் பங்கெடுப்பது வேறு, ஒரு கட்சியின் கூட்டத்தைக் கேட்க வருகிறவர் எல்லாம் அந்தக் கட்சிக்காரர் ஆகிவிட மாட்டார் என்பதுதான் தீர்ப்பின் சாரம். நல்ல தீர்ப்பு. ஆனால் அந்த அம்மா அதை வாங்க நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது, ஓய்வூதியப் பலனும் இடையில் மாட்டிக்கொண்டது. ஆகவே என் யோசனை: கூட்டத்தைக் கேட்க வேண்டுமா, ஓரமாக நின்று கேளுங்கள். துண்டு போட்டுக்கொள்ளாதீர்கள், மேடையில் ஏறாதீர்கள், கொடி பிடிக்காதீர்கள். தேர்தல் அறிவித்த பிறகு அதையும் டிவியில் பார்த்துக்கொண்டால் இன்னும் நிம்மதி. ஊர்வலம் என்பது நடப்பது, நடந்தால் பங்கெடுத்த கணக்கு. மச்சானிடம் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடுங்கள்.

போனுக்கும் இதே சங்கதிதான். 1964-இல் விதி எழுதியவர்களுக்கு வாட்ஸ்அப் தெரியாது, ஆனால் ஓட்டுக் கேட்பது என்ற சொல் ஸ்டேட்டஸுக்கும் பொருந்தும். "பார்வர்டுதானே பண்ணினேன்" என்ற சமாதானத்தை எந்த விசாரணை அதிகாரியும் கேட்டதாக நான் பார்த்ததில்லை. விரலில் மை வைத்து செல்பி போடுங்கள், அழகாக இருக்கும், ஆனால் பக்கத்தில் சின்னம் வேண்டாம், "மாற்றம் வரட்டும்" மாதிரி உள்குத்து வசனமும் வேண்டாம்.

மாணவர்கள் இருக்கும் குரூப்பை நான் தனியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. துறை குரூப், ப்ராஜெக்ட் குரூப் இதிலெல்லாம் நீங்கள் அட்மின். இன்டர்னல் மார்க் உங்கள் கையில். நீங்கள் ஒரு வேட்பாளரின் வீடியோவைப் போட்டால் அந்தப் பையன் தம்ஸ்-அப் போடாமல் இருக்க முடியுமா? பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில் ஆசிரியர்களுக்கான தொழில் ஒழுக்க நெறி என்று ஒரு பகுதி இருக்கிறது. மாணவரின் அரசியல் கருத்து எதுவானாலும் பாரபட்சமில்லாமல் நடத்த வேண்டும் என்கிறது. அதே நெறியில் ஆசிரியர்கள் குடிமக்கள் கடமையைச் செய்ய வேண்டும், பொதுப் பதவிப் பொறுப்புகளை ஏற்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள். நடத்தை விதியையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் சிரிப்பு வரும், பரவாயில்லை.

வகுப்பில் தேர்தலைப் பற்றிப் பேசவே கூடாதா என்று அரசியல் அறிவியல் ஆசிரியர்கள் கேட்பார்கள். தாராளமாகப் பேசலாம், அதுதானே பாடம். கூட்டணிக் கணக்கு, வாக்கு சதவீதம், நோட்டா எல்லாம் பேசலாம். பதினெட்டு வயது ஆனவர்களைப் பட்டியலில் பெயர் சேர்க்கச் சொல்வது, வாக்காளர் விழிப்புணர்வு நிகழ்ச்சி நடத்துவது, இதற்கெல்லாம் தேர்தல் ஆணையமே கூப்பிட்டு உதவி கேட்கும். "ஓட்டுப் போடுங்கள்" வரைக்கும் சரி. யாருக்கு என்ற இடத்தில் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

அடுத்து தேர்தல் பணி. 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 159-ஆவது பிரிவில் பல்கலைக்கழகம் என்று பெயர் சொல்லியே இருக்கிறது, கேட்டால் ஊழியர்களை அனுப்பித்தான் ஆக வேண்டும். "நாங்க தன்னாட்சி" என்ற வாதம் செல்லாது. பணிக்கு நியமித்துவிட்டால் முடிவு அறிவிக்கும்வரை நீங்கள் தேர்தல் ஆணையத்தின் ஆள் மாதிரி, ஒழுங்கு நடவடிக்கை உட்பட அவர்கள் கட்டுப்பாட்டில். உண்மையிலேயே முடியவில்லை என்றால், பிரசவம், ஆபரேஷன், பெரிய வியாதி, ஆவணத்தோடு முதல் பயிற்சி வகுப்புக்கு முன்னாலேயே விண்ணப்பம் கொடுங்கள். பயிற்சிக்குப் போகாமல் வீட்டில் இருந்துவிட்டு அப்புறம் மருத்துவச் சான்றிதழ் தேடினால் 17பி மெமோ, அதாவது பெரிய தண்டனைக்கான குற்றச்சாட்டுக் குறிப்பாணை, வரும். 17பி என்ன செய்யும் என்று நம் ஊர் ஊழியருக்கு விளக்க வேண்டியதில்லை, பதவி உயர்வுப் பட்டியல் வரும்போது அது தன்னாலேயே விளங்கும்.

பணியில் இருக்கும்போது ஒரு வேட்பாளருக்குச் சாதகமாக எதையாவது செய்தால் அதே சட்டத்தின் 129-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை. அதோடு முடியவில்லை. 123-ஆவது பிரிவின் ஏழாவது உட்பிரிவில் பின்னால் ஒரு வரி சேர்த்தார்கள், 2010 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது: தேர்தல் பணிக்கு அனுப்பப்பட்ட பல்கலைக்கழக ஊழியரின் உதவியை வேட்பாளர் தன் வெற்றிக்காக வாங்கினால் அது ஊழல் நடவடிக்கை. அதாவது நீங்கள் ஆசையாகச் செய்த உதவியால் உங்கள் ஆளே வெற்றியை இழக்கலாம். கட்சிக்காரர் யாராவது வந்து "நம்ம பூத்துக்கு நீங்கதானாமே" என்று பல்லைக் காட்டினால் இதைச் சொல்லுங்கள், டீ கூட வாங்கித் தராமல் போய்விடுவார். எப்படியும் எந்தப் பூத் என்பது கம்ப்யூட்டர் குலுக்கலில் கடைசியில்தான் தெரியும்.

ஏஜென்டாக உட்காருவது அதைவிட மோசம். அரசு ஊழியர் ஒருவர் வேட்பாளருக்குத் தேர்தல் ஏஜென்டாகவோ பூத் ஏஜென்டாகவோ எண்ணிக்கை ஏஜென்டாகவோ இருந்தால் 134ஏ பிரிவில் மூன்று மாதம் வரை சிறை. கௌரவ விரிவுரையாளர்கள் "நாங்க பர்மனென்ட் இல்லையே" என்பார்கள். எண்ணிக்கை ஏஜென்ட் விஷயத்தில் அரசிடம் மதிப்பூதியம் வாங்குகிறவர்கள், அரசு அல்லது உதவிபெறும் நிறுவனத்தில் பகுதிநேரமாக வேலை பார்க்கிறவர்கள் ஆகாது என்று ஆணையத்தின் கையேட்டிலேயே இருக்கிறது. சம்பளம் தரும்போது நினைவுக்கு வராத உங்களை விதி போடும்போது மட்டும் யாரும் மறப்பதில்லை, என்ன செய்ய.

பணியில் இருப்பவர்கள் தங்கள் ஓட்டைத் தொலைப்பதுதான் எனக்கு வருத்தம். பயிற்சி வகுப்பில் படிவம் 12, படிவம் 12ஏ என்று இரண்டு கொடுப்பார்கள். நாடாளுமன்றத் தேர்தலில் உங்கள் ஓட்டு இருக்கும் தொகுதியிலேயே பணி விழுந்தால் 12ஏ கொடுத்துப் பணிச் சான்றிதழ் வாங்கி, வேலை பார்க்கும் பூத்திலேயே மெஷினில் போடலாம். வேறு தொகுதி என்றால் 12 கொடுத்துத் தபால் ஓட்டு. 2023-இல் விதி மாறியதிலிருந்து தபால் ஓட்டை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போக முடியாது, பயிற்சி நடக்கும் இடத்தில் வைத்திருக்கும் வசதி மையத்திலேயே போட்டுவிட வேண்டும். இது ஒரு விதத்தில் நல்லது. முன்பெல்லாம் அந்தக் கவரை வாங்க யார் யார் வீட்டு வாசலில் நின்றார்கள் என்று பழைய ஆட்களைக் கேட்டுப் பாருங்கள்.

அங்கே ஒரு நிமிடம் நிதானமாக இருங்கள். ஓட்டுச்சீட்டு சின்னக் கவருக்குள், அது 13பி. உறுதிமொழிப் படிவம் 13ஏ, அதில் உங்கள் கையெழுத்து, சான்றொப்பம் போடும் அதிகாரியின் கையெழுத்து, சீட்டின் வரிசை எண். சின்னக் கவரை ஒட்டிவிட்டு, அதையும் 13ஏ-வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெரிய கவரான 13சி-க்குள் போட வேண்டும். 13ஏ-வை மடித்துச் சின்னக் கவருக்குள்ளேயே திணித்துவிட்டால் ஓட்டு செல்லாது, எண்ணும்போது உள்கவரைப் பிரிப்பதற்கு முன்னாலேயே தூக்கி ஓரமாக வைத்துவிடுவார்கள். ஆராய்ச்சிக் கட்டுரைக்கு அடிக்குறிப்பு சரியில்லை என்று மாணவனை நாலு முறை அலைய விடுகிற பேராசிரியர்கள் இந்தக் கவரில் கோட்டை விட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

பூத்தில் தலைமை அலுவலராக உட்கார்ந்தால் சொல்ல நிறைய இருக்கிறது, ஒன்றை மட்டும் சொல்கிறேன். காலையில் ஏஜென்டுகள் முன்னால் குறைந்தது ஐம்பது ஓட்டு மாதிரி வாக்குப்பதிவு நடத்துவோம். முடிந்ததும் மெஷினில் குளோஸ், ரிசல்ட், கிளியர் என்ற மூன்று பொத்தானையும் அழுத்த வேண்டும். கிளியர் அழுத்த மறந்தால் அந்த ஐம்பதும் உள்ளேயே இருக்கும், சாயங்காலம் பதிவான ஓட்டுகளின் கணக்கை எழுதும் 17சி படிவத்தில் கணக்கு இடிக்கும், அப்புறம் நீங்கள் எந்தக் கட்சிக்கு வேலை பார்த்தீர்கள் என்று பேச்சு கிளம்பும். தூக்கக் கலக்கம் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

வளாகத்துக்கு வருவோம். மைதானத்தைக் கட்சிக் கூட்டத்துக்குக் கேட்டால் கொடுக்கலாமா? நிறுவனத்துக்கு ஆட்சேபணை இல்லாமல், வகுப்பு, தேர்வு எதற்கும் இடைஞ்சல் இல்லாமல், கோட்ட அளவிலான அதிகாரியின் அனுமதியும் இருந்தால் முதலில் கேட்டவருக்கு முதலில் என்று கொடுக்கலாம். ஒரு கட்சிக்குக் கொடுத்துவிட்டு இன்னொன்றுக்குச் "செமஸ்டர் நடக்குது" என்றால் மாட்டினீர்கள். விருந்தினர் விடுதிக்கும் இதே நியாயம்தான். பட்டமளிப்பு விழாவுக்கு ஆளுநர் வரலாம், முதலமைச்சரும் அமைச்சர்களும் அழைப்பைத் தவிர்க்க வேண்டும் என்பது ஆணையத்தின் நிலை. வலைத்தளத்தில் அமைச்சர் படம் இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள், சுவரில் எழுத விடாதீர்கள், 1959-லிருந்தே அதற்குச் சட்டம் இருக்கிறது. 2024-இல் மார்ச் 16 அன்று தேர்தல் நன்னடத்தை விதி (தேர்தல் காலத்தில் அரசும் கட்சிகளும் கடைப்பிடிக்க வேண்டியது) வந்தது, ஏப்ரல் 19-இல் தமிழ்நாட்டில் ஓட்டுப்பதிவு முடிந்தது, ஆனால் ஜூன் 4 எண்ணிக்கை முடியும்வரை விதி போகவில்லை. நம் ஊரில் முடிந்தாச்சே என்று இடையில் விழா வைக்கப் பார்த்தவர்கள் பாடு திண்டாட்டம்.

சங்கங்கள் பழைய ஓய்வூதியம், நிலுவை, காலிப்பணியிடம் என்று எல்லாக் கட்சிக்கும் ஒரே மனுவைக் கொடுப்பதில் தவறில்லை. ஒரு கட்சிக்கு மட்டும் ஆதரவுத் தீர்மானம் போடுவதுதான் வம்பு. மத்திய அரசு ஊழியர் சங்கங்களுக்கான 1993 விதியில் அரசியல் நிதி வைக்கக் கூடாது, கட்சிக் கொள்கையைப் பரப்பக் கூடாது என்று நேராகவே இருக்கிறது. பணம் என்றதும் இன்னொன்று, சில ஆடிட்டர்கள் வரி குறைக்கிறேன் என்று கட்சி நன்கொடை காட்டிக் கணக்கு போட்டுத் தருவார்கள். கட்சிக்குச் சந்தா தரவே கூடாத ஆள் அதற்கு வரிக் கழிவு கேட்டுக் கையெழுத்துப் போடுவது எவ்வளவு பெரிய கூத்து.

கடைசியாக, நிற்கவே ஆசை என்றால். "கேரளாவுல வேலையில இருந்துக்கிட்டே நிக்கிறாங்களே" என்பார்கள். அங்கே உதவிபெறும் பள்ளி ஆசிரியர்களுக்கு இருந்த அந்தச் சலுகையை 2021 பிப்ரவரியில் கேரள உயர் நீதிமன்றமே ரத்து செய்தது. மேலவை இருந்தால் ஆசிரியர் தொகுதி என்றாவது ஒன்று இருக்கும், நம் மேலவைதான் 1986 நவம்பர் 1 அன்றே போய்விட்டதே. பல்கலைக்கழக வேலை, அரசின் கீழ் வருகிற ஆதாயம் தரும் பதவியா (அப்படியென்றால் வேட்பாளராக நிற்கத் தகுதி இல்லை) என்பதில் வாதாட இடம் உண்டு, ஆனால் வேட்புமனு பரிசீலனை அன்று வாதாடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. ராஜினாமா செய்துவிட்டே மனு போடுங்கள். ராஜினாமா கொடுத்தால் போதாது, ஏற்றுக்கொண்ட உத்தரவு பரிசீலனை நாளுக்கு முன்னால் கையில் இருக்க வேண்டும்.

இந்தத் தேதி விவகாரம் எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு கதை உண்டு. பிரதமர் செயலகத்தில் சிறப்புப் பணி அதிகாரியாக இருந்த யஷ்பால் கபூர் 1971 ஜனவரி 13 அன்று ராஜினாமா கொடுத்துவிட்டு இந்திரா காந்திக்காக ரேபரேலியில் வேலையை ஆரம்பித்தார். ஏற்றுக்கொண்ட உத்தரவு ஜனவரி 25 அன்றுதான் வந்தது, 14-ஆம் தேதியிலிருந்து செல்லும் என்று பின்தேதியிட்டு. 1975 ஜூன் 12 அன்று அலகாபாத் உயர் நீதிமன்றம், 25 வரை அவர் அரசு ஊழியர்தான் என்றது. பிரதமரின் தேர்தல் செல்லாமல் போனதற்குச் சொன்ன காரணங்களில் அதுவும் ஒன்று. பிறகு சட்டத்தைத் திருத்தி, உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பு மாறியது. உங்களுக்காக யாரும் சட்டத்தைத் திருத்தப் போவதில்லை, அதனால் உத்தரவு கைக்கு வராமல் ஒரு நோட்டீஸ்கூட அடிக்காதீர்கள்.